அண்ணி கேட்ட கடவுச்சொல்

குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. உள்ளே இருப்பவர் ஏதோ சதி செய்கிறார் என்று சந்தேகப்படுவதும் இல்லை. என் கோப்புறைக்கு நான் கடவுச்சொல் போட்டதையும் நீங்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும், ஐயா.

அலுவலகத்தில் என் வேலையே அதுதான். எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று கணினியில் வரம்பு கட்டுவது. வீட்டில் அப்படி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வீடு, அண்ணன் வாங்கிய கணினி. அண்ணன், அண்ணி, நான் மூவருக்கும் அது ஒன்றுதான்.

ஒருநாள் விருந்தினர் வந்திருந்தார்கள். உடன் வேலை செய்யும் பெண்ணுக்கு நான் எழுதி, கொடுக்கத் துணிவில்லாமல் வைத்திருந்த கடிதத்தை அண்ணன் கணினியில் திறந்து உரக்கப் படித்தார்.

"பாருங்க, நம்மாளு காதலிச்சாலும் கமா, புள்ளி எதையும் விடமாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் தாடையில் வலிக்கிறது.

மறுநாள் பூட்டினேன். "உள்ள என்னடா, புதையலா?" என்று அண்ணன் போகிறபோக்கில் கேட்பார்.

வீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்து வைப்பதும் என் பொறுப்பு. பொதுவில் வைத்தால் அண்ணன் எதையாவது அழித்துவிடுவார் என்பதால் அவற்றையும் என் கோப்புறையிலேயே போட்டேன். ஸ்கேன் ஆனதும் அண்ணி தாளைக் கிழித்துவிடுவார். முன்பொருமுறை ஏதோ ஊசி ஒத்துக்கொள்ளாமல் அண்ணனுக்கு உயிர் போய் வந்தது. அந்த ஊசி மருந்தின் பெயர் இருந்த அறிக்கையும் அப்படித்தான் உள்ளே போனது.

சென்ற வாரம் அலுவலகத்தில் இருந்தபோது அண்ணி போன் செய்தார். அண்ணன் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்தார். அண்ணி வீட்டுக்கு ஓடி வந்திருந்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் முன்னாடிதான் நிக்கறேன். பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்க. டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கேக்கறாரு."

அந்தக் கடிதம் அதே கோப்புறையில் இருந்தது. அதன்பின் அண்ணனைப் பற்றி நான் எழுதி வந்தவையும் இருந்தன. அவற்றை அண்ணி பார்த்துவிட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நினைவில்லை என்றேன்.

"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், தம்பி."

போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவருக்கு மூச்சிரைப்பது நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு போனை வைத்துவிட்டார்.

மருத்துவர்கள் அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. தெரிந்ததைச் செய்தார்கள். அதே ஊசி.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சற்றுமுன் சொன்னீர்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது. அண்ணன் போன அன்றே அந்த அறிக்கையைத் தனியே எடுத்துப் பொதுவில் வைத்துவிட்டேன். இப்போது யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

மருந்தின் பெயர் எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். அந்தக் கோப்புக்கு நான் வைத்த பெயரே அதுதான், மறக்குமா? ஆனால் அண்ணி கேட்டது கடவுச்சொல்லை. மருந்தின் பெயரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.