வித்த ஜீப்புக்கு ஒயில்

வெள்ளவத்தையில் ஏறிய அக்காவும் தம்பியும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

“ஒரு காலை வெட்டி எடுத்திருக்கு. கண் முழிச்ச உடனே மனுசன் கேட்டது, ‘ஜீப்புக்கு ஒயில் மாத்தினியளோ?’” என்றார் அக்கா.

“ஒப்பரேஷனுக்கு ஜீப்பை வித்தது அத்தானுக்குத் தெரியாதோ?”

“சொல்ல வாய் வரேல்லை. ‘மாத்துறன்’ எண்டிட்டன். முன் ரயரைச் சுத்துற டிபரென்சலுக்குச் சாதாரண ஒயில் போதுமாம். பின்னுக்கு, மணலில ரயர் சும்மா சுத்தாமல் பிடிக்கிற பிளேட் இருக்காம். ‘எல்.எஸ்.’ எண்டு போட்ட ஒயில்தான் வேணுமாம். இல்லாட்டி வளைவில அதிருமாம்.”

ஜீப் ஓட்டிய அனுபவத்தில் எனக்குத் தெரியும், அந்த மனிதர் சொன்னது சரிதான்.

“நல்லாப் பாடமாக்கிப் போட்டியள், அக்கா.”

“சிரிக்காதை. கராஜ்காரர் ஏமாத்துவினமாம், வெறும் ஒயில் கானை நான் கொண்டுவந்து காட்டோணுமாம்.”

“அதுக்கென்ன? ஒயிலை வாங்கி, ஆருக்காவது குடுத்திட்டு, கானைக் காட்டுவம்.”

பஸ் கொட்டாஞ்சேனையை நெருங்கியபோது அக்கா தம்பி பக்கம் திரும்பினார்.

“ஜீப்பில இருந்து வடிச்ச பழைய ஒயிலையும் ஒரு போத்தலில கேட்டவர், தம்பி. இரும்புத்தூள் கிடக்கோ எண்டு விரலால தேச்சுப் பாக்கோணுமாம்.”

தம்பி இறங்குவதற்குப் பையை எடுத்தார்.

“அதை எந்தக் கடையில வாங்கிறது?” என்றார் அக்கா.