கூழாங்கல் வாசல்

எங்கள் வீட்டு வாசலில் செப்டிக் டேங்க் இருக்கிறது என்பது நானாகச் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. கீழ்வேளூர் சாலையில் எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து வீடு கட்டியவர்கள் நிறையப் பேர். பாதி வீடுகளில் கேட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்தச் சிமெண்ட் மூடிதான். அதன்மேல் ரோஜாத் தொட்டி வைப்பார்கள். என்ன வைத்தாலும், அடியில் இருப்பது இன்னதென்று வருகிறவருக்குப் புரிந்துவிடும்.

எனக்கும் டேங்கைக் கொல்லைப்பக்கம் கட்டத்தான் ஆசை. அங்கே வாய்க்கால் போகிறது. "மழ பேஞ்சா வாய்க்கா தண்ணி டேங்குக்குள்ள வந்துடுங்க, முன்னாடியே போட்டுடலாம்" என்றார் கொத்தனார் பெரியநாயகசாமி. ஒப்புக்கொண்டேன். நியாயமான பேச்சுக்கு நான் எப்போதும் கட்டுப்படுகிறவன்.

மஸ்கட்டில் வெல்டராக இருந்தபோது ஒரு பங்களாவில் வேலை செய்தேன். கார் வந்து நிற்கிற இடம் முழுக்கக் கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். சாக்கடை மூடி எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. மூடியைத் தாம்பாளம் மாதிரி குழிவாகச் செய்து, தரைக்குச் சற்றுக் கீழே பதித்து, அதற்குள்ளும் அதே கல்லை நிரப்பியிருந்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் நானே அப்படி ஒன்று செய்தேன். கனத்த இரும்புத் தகடு, சுற்றிலும் ஆங்கிள் சட்டம், அடியில் குறுக்குக் கம்பிகள். கல் இல்லாதபோது ஒரே ஆளாகக் கொக்கி போட்டு இழுத்துவிடலாம். கல்லை நிரப்பிவிட்டால் மேலே கார் ஏறி நின்றாலும் வளையாது. கீழேயிருந்து அசைக்கவும் முடியாது. அப்படி ஒரு தேவை வருமென்று யாரும் நினைத்துச் செய்வதில்லை.

என் மகள் ஜெனிட்டாவைப் பெண் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். அடுத்து அமெரிக்கா போகிறவன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் அமையாத இடம். என் மனைவி ஆரோக்கியம் அதற்காக வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளெல்லாம் நல்ல மழை. விடிந்து பார்த்தால் வீட்டின் கீழ்த்தளக் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை. உறிஞ்சி எடுக்கிற லாரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றுவிட்டார். அதனால்தான் ஊரில் சாக்கடை அடைப்பு எடுக்கிற துரைக்கண்ணுவைக் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவன். எல்லோரும் அவனை வா போ என்றுதான் பேசுவார்கள்; நானும் அப்படித்தான். அவன் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

காலையிலிருந்து வாளியால் இறைத்தான். டேங்க் பாதிக்குமேல் வடிந்த பிறகு, குழாய் வாயில் செங்கல் ஒன்று விழுந்து அடைத்திருப்பது தெரிந்தது. என் அலுமினிய ஏணியை இறக்கினேன். துரை தொடையளவு சேற்றில் நின்று கம்பியால் செங்கல்லை நெம்பிக்கொண்டிருந்தான். அவனை யாரும் வற்புறுத்தவில்லை. இதை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போது உள்ளே போன் அடித்தது. பையனின் அப்பா பேசினார். மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள் முன்னதாகவே கிளம்பி, கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்கள். அங்கிருந்து வழி கேட்டார். பொறுமையாகச் சொன்னேன்.

துரையை மேலே ஏற்ற நேரம் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏறி வந்தால் அந்தக் கோலத்தில் அவனை எங்கே நிறுத்துவது? கொல்லைக்கு அனுப்ப வேண்டுமென்றால் வாசலைச் சுற்றித்தான் போக வேண்டும். போகிற வழியெல்லாம் சொட்டும். வாசம் வேறு. வீட்டுக்குள் பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தகப்பனாக நான் எதை யோசிக்க வேண்டுமோ அதைத்தான் யோசித்தேன்.

ஏணியை மேலே இழுத்தேன். துரை நிமிர்ந்து பார்த்தான்.

"விருந்தாளி வர்றாங்க துரை. கொஞ்ச நேரம் சத்தம் போடாம இரு" என்றேன்.

"மூடிடாதீங்கய்யா. உள்ள காத்து இல்ல, இப்பவே தல சுத்துது" என்றான். அவன் குரலை உயர்த்தவில்லை. கேட்டுக்கொள்கிற மாதிரிதான் சொன்னான்.

தகட்டை இழுத்து மூடினேன். ஓரமாகக் குவித்திருந்த கல்லை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு நிரவினேன். இறைத்துப் போட்ட இடத்தில் பினாயில் தெளித்தேன். ஆரோக்கியம் எட்டிப் பார்த்து, துரை எங்கே என்று கேட்டாள். டீ குடிக்கப் போயிருக்கிறான் என்றேன். அவள் பயப்படுவாள் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

வந்தவர்கள் மரியாதையான மனிதர்கள். டிரைவர் சுமோவைக் கேட்டருகிலேயே நிறுத்தப் பார்த்தார். நான்தான் கையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க, வாங்க" என்று மூடியின் மேல் முன்சக்கரம் ஏறும்வரை கூட்டிவந்தேன். இறங்குகிற பெண்கள் அந்த இடத்தை மிதிக்க வேண்டாமே என்றிருந்தது. பையனின் அப்பா கல்லைப் பார்த்துவிட்டு, "ஏதோ பெரிய ஓட்டலுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

ஜெனிட்டா காபி கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தபோது அவள் கை நின்றது.

"அப்பா, வாசல்ல யாரோ தட்டுறாங்க" என்றாள்.

தண்ணீர் மோட்டார் என்றேன். பிறகு எழுந்துபோய் டேப் ரெக்கார்டரில் மாதா பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டேன். பையனின் அம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. கூடவே மெல்லப் பாடினார். அவர்கள் சாப்பிட்டார்கள். பையனும் ஜெனிட்டாவும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்கள். பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

கார் கிளம்பி, சாலைத் திருப்பத்தில் மறையும்வரை நின்று கையசைத்தேன். பிறகு பட்டுவேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, கல்லை அள்ளி எடுத்து, தகட்டை இழுத்தேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாய்வரை சேறு. சத்தம் போட்டு ஆட்களைக் கூட்டினேன். இப்போதுதான் இறங்கினான், விஷவாயு தாக்கிவிட்டது என்று சொன்னேன். அப்படி எத்தனையோ ஊரில் நடந்திருக்கிறது. எல்லோரும் நம்பினார்கள்.

அவன் மனைவி ஞானாம்பாள்தான் நம்பவில்லை. குளிப்பாட்டும்போது அவன் கைகளைப் பார்த்திருக்கிறாள். விரல் நுனிகள் எல்லாம் தோலுரிந்திருந்தன. நகத்துக்குள் சேறு இல்லையாம், துரு இருந்ததாம். என் வாசலுக்கு வந்து அவள் அழவில்லை. "இப்பத்தான் எறங்குனாருன்னா ஏன் இவ்ளோ நேரம் தட்டியிருக்காரு?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ஜெனிட்டா வெளியே வந்து, "தட்டுனாரு. எனக்குக் கேட்டுச்சு" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கல்யாணமும் வேண்டாம் என்று பையன் வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். அவளுக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்பதை ஒருநாள் புரிந்துகொள்வாள்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறீர்கள்: சத்தம் எனக்கும் கேட்டதா என்று. கேட்டது. பாட்டுக்கு நடுவிலும் கேட்டது. முதலில் வேகமாக, அப்புறம் விட்டுவிட்டு. அவர்கள் தாம்பூலம் எடுக்கும்போது நின்றுவிட்டது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. துரை நிலைமையைப் புரிந்துகொண்டு அமைதியாக இருக்கிறான் என்று நினைத்தேன். அவன் நல்ல மனுஷன் என்றுகூடத் தோன்றியது.