நான் வைத்த பொட்டு

மலேசியாவில், செனாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் திடீரென்று குரலை உயர்த்தினாள்.

“அந்த மெஷினுக்கு நான்தாங்கா பொட்டு வெச்சேன்!”

“எந்த மெஷினுக்கு?” என்றாள் பெரியவள்.

“கஸ்டமருக்குப் பதில் சொல்ல ஆபீஸுக்குப் புதுசா வந்த கம்ப்யூட்டர். போன ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வெச்சுக் கும்பிட்டேன். இப்ப என் வேலைய அதுதான் பாக்குது. என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“கம்பெனி நொடிச்சுப் போச்சா?”

“அலமாக், அய்யோ! அது முன்னாடிக்கா. நொடிச்சப்பவே பாதிப் பேரத் தூக்குனாங்க, சரின்னு பொறுத்துக்கிட்டோம். இப்ப உலகத்துலயே பெரிய கம்பெனியாம், பேப்பர்ல போட்டிருக்கான். அதுக்கும் நம்மளையேதான் தூக்குறான்! விழுந்தாலும் நாம, எழுந்தாலும் நாமளா?”

பெரியவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“இதுல நேத்து மேனேஜர் போன் பண்றாரு. வெள்ளிக்கிழமை இந்த வருஷ ஆயுத பூஜையாம். முறையா செய்யத் தெரிஞ்ச ஆள் அங்க இல்லையாம். வந்து செஞ்சு குடுன்னு வெக்கமே இல்லாம கேக்குறாரு.”

“போகாத லா.”

“போவேங்கா. நான் வெச்ச பொட்டு இன்னும் அதுல இருக்கும். அதத் தொடச்சுட்டு வரணும்.”