சிங்கப்பூருக்குச் சொன்ன விலை

அந்த டூர்ல மலையக் கழிச்சுப்போட்டு ஒரு வெல சொல்லுங்க தம்பி. சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்கறன். சிங்கப்பூர் மூணு நாளு, செரி. கண்ணாடிக் கட்டடம், கடலு, கப்பலு, அதெல்லாம் நம்மகிட்ட இல்ல, காட்டறீங்க, காசு வாங்கறீங்க, நாயமுங்க. அப்பறம் மலேசியாவுல மூணு நாளு மலைங்கறீங்க. அங்க என்ன இருக்குது? குளிரு. தேயிலச் செடி. ரோசாத் தோட்டம். வளைஞ்சு வளைஞ்சு மேல போற ரோடு. ஏனுங்க, நீங்க சேலத்துல இருந்து எப்படி வந்தீங்க? இருவது வளைவுலயும் பஸ்சு சன்னல்ல தலைய நீட்டி வாந்தி எடுத்துட்டு, என்ற குடோன்ல மூஞ்சியக் கழுவிக்கிட்டு, எனக்கே மலைய விக்கறீங்களே. நொம்பத் தைரியந்தான் போங்க.

தண்ணி குடிங்க. மிளகு நெடிக்குத் தும்மல் வரத்தான் செய்யும். டை கட்டிட்டு வந்தா மட்டும் வராம இருக்குமுங்களா.

இல்லீங்க, நீங்க ஆள விசாரிக்காம வந்துட்டீங்க. காளியப்பன் எங்க போயி வெளிநாட்டு வெலையெல்லாம் கண்டான்னு நெனச்சிருப்பீங்க. தலைச்சோலையில எஸ்டேட்டுக் கூலிக்காரங்க லைன் ஊட்டுல பொறந்து, பன்னெண்டு வயசுல காப்பி மூட்டை செமந்தவனுங்க நான். இன்னைக்கு மிளகு கொடியில பச்சையாத் தொங்கறப்பவே மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்து, இந்தக் காட்டுல இத்தன மூட்டை தேறும்னு வெல பேசறன். ஒரு மூட்டை முன்னப்பின்ன ஆகும், அவ்வளவுதான். மரத்து மேல இருக்கறதுக்கே வெல தெரிஞ்சவனுக்கு, படப் புஸ்தகத்துல இருக்கறதுக்குத் தெரியாதுங்களா?

இதப் பாருங்க, காலைல பலகாரம், நம்ம ஊரு இட்லிங்குது. கடலத் தாண்டிப் போயி இட்லி திங்கறதுக்கு ஒரு காசு. பட்டாம்பூச்சிப் பண்ணை, நுழைவுக் கட்டணம் சேத்தி. இங்க பக்கத்துல மாதையன் காட்டுல கொய்யாப்பழம் விழுந்து கெடந்தா ஆயிரம் பட்டாம்பூச்சி மொய்க்குது, மாதையன் யாருகிட்டயும் டிக்கெட்டுக் கேட்டதில்ல. கூடவே கைடு ஒருத்தன். இது மலை, இது பூவுன்னு அவன் சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியுமாக்கும்.

அப்பறம் புள்ளைக்கு முழு டிக்கெட்டுப் போட்டுருக்கீங்க. பதினஞ்சு வயசுங்க. ஒடம்புல ஒரு மூட்டைப் பாரங்கூட இல்ல. பன்னெண்டு தாண்டுனா முழுசா? யாரு வெச்ச சட்டம்? பிளேன் கம்பெனியா. நம்பரு குடுங்க, நான் பேசிக்கறன். அப்படியெல்லாம் பேச மாட்டாங்களா. பேசாமயே யாவாரம் பண்றானா, அவன் கம்பெனி வெளங்குமுங்களா.

மலையக் கழிச்சா புள்ள ஒத்துக்காதுன்னு எனக்கே சொல்றீங்க பாருங்க. தெரியுமுங்க. கலாவதிக்கு அந்த மலை வேணும், அதுவும் தெரியும். ஆனா அவ வாயால கேக்கல. பேப்பர்ல நீங்க போட்ட வெளம்பரத்த வெட்டி, என்ற சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சிருந்தா. நகரம் மூணு நாள், மலை மூணு நாள்னு இருந்துச்சுல்ல, அது ரெண்டுக்கும் அடியில பென்சில்ல கோடு. ரெண்டு வருசமா என்கிட்ட ஒரு பேனா வேணும்னுகூடக் கேக்காத புள்ளைங்க. பள்ளிக்கூடத்துப் பீசுன்னாக்கூட சீட்டெழுதி வெச்சுட்டுப் போயிருவா. சாப்பிட்டியான்னா, ம். படிச்சியான்னா, ம். அந்தப் புள்ள கேட்ட மொத சங்கதி இதுங்க. அதனால போறதுன்னு முடிவு பண்ணிட்டன். பாஸ்போர்ட்டு ரெண்டும் வந்தாச்சு. ஒரு வாரம், அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. என்னைக்காச்சும் ஒரு நாளு பேசித்தான ஆவோணும்.

ஆனா போறது முடிவுங்கறதுக்காக, நீங்க வாயில வந்ததச் சொன்னா குடுத்துருவன்னு நெனைக்காதீங்க.

ஆளுக்கு இருவத்திரெண்டாயிரம், ரெண்டு பேருக்கு நாப்பத்தி நாலு. நான் முப்பத்திரெண்டு குடுக்கறன். பையத் தூக்கறீங்களா? தூக்குங்க. அடுத்த பஸ்சு அஞ்சு மணிக்குத்தான், அதுவரைக்கும் மழையில எங்க நிப்பீங்க. உக்காருங்க தம்பி. உங்க மொதலாளி எவ்வளவு வரைக்கும் எறங்கலாம்னு சொல்லித்தான் அனுப்பிச்சிருப்பாரு, அந்த வெலயச் சொல்லிருங்க. நாப்பத்திரெண்டா? அது உங்க மொதலாளி சொன்னதில்ல, உங்க கமிசன் சொல்றது. கழுத்து செவக்குது பாருங்க.

முப்பத்தொம்பது. ஆங், இப்பத்தான் மனுசன் மாதிரி பேசறீங்க. மலையும் சேத்தித்தான? இட்லியும் சேத்தி. செரி, முடிஞ்சுது.

இப்ப ஒண்ணு சொல்றன், நல்லாக் கேட்டுக்குங்க. நாலே காலுக்குப் பள்ளிக்கூடத்துல மணியடிக்கும். புள்ளைய நேரா இங்க வரச்சொல்லியிருக்கறன். அவ வந்து இந்த பெஞ்சுல உக்காந்த பொறவு, வெல என்னங்கன்னு உங்களக் கேப்பன். நாப்பத்தி நாலாயிரம்னு சொல்லோணும் நீங்க. நான் மறுபேச்சுப் பேச மாட்டன். எடுத்து அப்படியே வெச்சுருவன். வாங்கிப் பையில போட்டுக்குங்க. மேல இருக்கற அஞ்சாயிரத்தத் திங்கக்கெழமை உங்க ஆபீசுல வந்து நான் வாங்கிக்கறன். அவளுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

இதென்ன கூத்தா? கூத்துத்தான். அப்ப முன்னாடியே அந்த நாப்பத்தி நாலக் குடுத்திருக்கலாமேங்கறீங்க. குடுத்திருக்கலாம். வாயி நிக்கோணுமில்ல. முப்பது வருசமா இதுலதான் சோறு திங்கறன், ஒரு மணி நேரம் அடக்குனா மூச்சு முட்டுதுங்க.

அது ஒண்ணுமில்லீங்க. அவங்கம்மா ராசம்மாள். போனதுக்கு முந்துன வருசம் தை மாசத்துல வாழவந்தியில ஒரு காடு குத்தகைக்கு எடுத்திருந்தன். மிளகு பறிக்கறப்ப அவளும் புள்ளையும் கூட வந்தாங்க. மத்தியானம் மூணு மணி இருக்கும், கட்டுவிரியன் அவ கால்ல கொத்திருச்சு. தூக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டோம். வந்ததும் ஒரு ஜீப்பும் கெடச்சுது. சேலம் ஆசுபத்திரிக்கு இருநூறு கேட்டான். நூத்தம்பதுன்னேன். முடியாதுன்னான். எங்க யாவாரத்துல என்னன்னா, வெல படியலைன்னா முதுகக் காட்டிட்டு நடக்கோணும். மூணு அடி வெக்கறதுக்குள்ள கூப்புடுவாங்க. கூப்புடாத ஆள நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. நடந்தன். புள்ள ரோட்டோரத்துல அம்மா தலைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்பா, குடுத்துருங்கப்பான்னா. யாவாரத்துக்கு நடுவுல பேசாதன்னு ஒரு அதட்டு அதட்டிட்டு மூணாவது அடிய வெச்சன். நாலாவதும் வெச்சன். ஜீப்பு போயிருச்சுங்க.

அடுத்த வண்டி வர ஒண்ணேகால் மணி நேரம். பாதி மலை எறங்கல, உசுரு போயிருச்சு. என்ற வேட்டி மடியில அன்னைக்கு ஒம்பதாயிரம் வெச்சிருந்தன்.

எதுக்கு இப்ப அப்படிப் பாக்கறீங்க? இதக் கேட்டு அஞ்சாயிரத்த விட்டுருவன்னு கணக்குப் போடாதீங்க. அது வேற. திங்கக்கெழமை நீங்க பூட்டத் தொறக்கறப்ப வாசல்ல நிப்பன்.

மணியடிச்சுட்டாங்க. மூஞ்சிய ஒழுங்கா வெச்சுக்குங்க தம்பி, எழவு ஊட்டுக்கு வந்தவனாட்டம் இருக்காதீங்க. அந்தா, வந்துட்டா. வா கண்ணு. கொடைய அங்க ஓரமா வெய்யி. இவருதான் சேலத்துல இருந்து வந்திருக்கறவரு, நீ கோடு போட்டு வெச்சியே, அதுக்கு. மலையும் இருக்குதாம் சாமி, மூணு நாளு. உக்காரு.

ம்.

செரி தம்பி. வெல என்னங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.