மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும்

— மிதி.

— மிதிச்சாச்சு.

— அப்படியே பிடி. காத்து வெளியேத்தற நிப்பிளைத் திறக்கறேன்... ம்... மூடிட்டேன். இப்ப காலை எடு மாப்ளே.

— எடுத்தாச்சு. கீழே எப்படி இருக்கு?

— குழாயில இன்னும் குமிழிதான் வருது. மேலே பெடல்?

— பஞ்சு. அமுக்கினா தரை வரைக்கும் போகுது. உள்ளே காத்து நிக்குது ட்ரெஃபர். நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? கேபிள் கிளட்சையே வெச்சுக்கோன்னு. என் வண்டியில கேபிள்தான்.

— கேபிள் சைலன்சர் பைப்புல உரசி ரெண்டு தடவை அறுந்துச்சு. அதுக்குத்தானே ஆயில் கிளட்சுக்கு மாறினேன். உன்னுது உரசலையா?

— என் வண்டி ஓடினாத்தானே உரசும்? என் வீட்டுக்காரி ஜூலி அது மேல ஈரத் துண்டு காயப்போடறா.

— எஞ்சின் ஏத்திட்டேன்னு சொன்னியே?

— ஏத்தினேன். இறக்கிட்டேன். அந்தப் பேச்சு எதுக்கு? மறுபடி மிதிக்கவா?

— இரு, ஆயில் ஊத்திக்கறேன். மூணு சனிக்கிழமை, மூணு டப்பா. கிளட்ச் சிலிண்டர் ஒழுகுதோன்னு புதுசு வாங்கி மாட்டினேன். பைப்பையும் மாத்திப் பார்த்துட்டேன்.

— இந்த லட்சணத்துல செவ்வாய்க்கிழமை ரோட்டு அனுமதி இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டு போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான்.

— விட்டா அடுத்த தேதி அக்டோபர்ல. கோடையே முடிஞ்சுடும்.

— அப்ப பார்மத் கடற்கரைக்கு கார் கிளப்போட போறது?

— எல்லாரும் அவங்கவங்க வண்டியில. நீயும் நானும் பஸ்ல.

— பரவால்ல விடு. அடுத்த வருஷம் ரெண்டு வண்டியையும் ஒண்ணா கொண்டு போவோம். ஒண்ணாத்தானே ஆரம்பிச்சோம்.

— இன்னும் ஒரு வருஷம் நான் காத்திருக்கணுமா?

— இருந்தா என்னவாம்? சரி, ஒளிச்சு வெச்சு என்ன ஆகப் போகுது? வயித்தெரிச்சல்தான்டா எனக்கு. ஒரே கண்காட்சி, ஒரே நாளு, நாமளே பூட்டிக்கற ஒரே கார் கிட்டு. பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கு, ‘காலின், இந்த ஸ்பேனர் எதுக்கு?’ன்னு கேட்ட ஆளு நீ. வயரிங் மொத்தமும் யார் போட்டது? நான். கிளப் பத்திரிகை அட்டையில யார் வண்டி? உன்னுது. படத்துல நீ நிக்கற, உன் பொண்டாட்டி நெஸ்டா நிக்கறா, உங்க நாய் நிக்குது.

— உன் பேரைப் போடச் சொன்னேனே.

— போட்டிருந்தான். நாய் பேருக்குக் கீழே.

— அது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

— உனக்கென்னப்பா கஷ்டம்? பெரிய ஆளு.

— சரி, இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம். நான் மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும் பெடல் மேலே வரக் கூடாது. வந்தா வெளிக்காத்தை உள்ளே இழுத்துக்கும்.

— எனக்கே பாடமா? இதை உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே.

— ஆமா, நீதான் சொல்லிக் குடுத்த. மிதி.

— மிதிச்சாச்சு.

— பிடி. திறந்துட்டேன்...

— என்ன, மூடிட்டியா?

— நான் இன்னும் மூடல. குழாயில ஆயில் திரும்ப மேலே ஏறுது, பெடல் வந்துடுச்சு.

— கால் வழுக்கிடுச்சுடா. மழையில வந்தேன்ல, ஷூவெல்லாம் ஈரம்.

— மூணு சனிக்கிழமையும் ஈரமா?

— வேல்ஸ்ல வேற எப்படி இருக்கும்? அந்த சிலிண்டரே சரியில்ல. பேசாம கடையில திருப்பிக் குடுத்துடு.

— சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு. நேத்து நெஸ்டாவை அந்த சீட்டுல உட்கார வெச்சேன். வீட்டுச் செருப்பைக்கூடக் கழட்டல, கையில டீக் கோப்பையோட மிதிச்சா. பத்தே மிதி. பெடல் கல்லு மாதிரி நின்னுடுச்சு.

— நேத்தே முடிஞ்சுதா? அப்ப இன்னிக்கு நான் வந்து உட்கார்ந்தப்பவே இது பஞ்சாத்தானே இருந்துச்சு?

— காலையில நானே நிப்பிளைத் திறந்து காத்தை உள்ளே விட்டேன். நீயா இருக்கக் கூடாதேன்னுதான் இன்னொரு தடவை கூப்பிட்டேன், காலின்.