சுருட்டைக்கு முடி எடுத்தது யார்

நாய்க்கு முடி சீவிவிடுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இருந்ததில்லை, மச்சான். சுருட்டைமுடி நாய் என்றால் தினமும் சீவத்தான் வேண்டும். உதிர்கிற முடி கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இரண்டே நாளில் சிக்காகிவிடும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். நனைந்தால் கம்பளி மாதிரி இறுகிப்போகும். இதெல்லாம் உங்கள் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சொன்னது என்னிடம் இல்லை, நாயிடம்.

மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, கூடத்தில் பழைய போர்வையை விரிப்பாள். சுருட்டை தானே வந்து படுத்துக்கொள்ளும். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முதலில் ஊசிச் சீப்பால் வேர்வரை சீவுவாள். பிறகு எங்கேயாவது தடுக்கிறதா என்று இரும்புச் சீப்பை விட்டுப் பார்ப்பாள். சீவுகிற நேரமெல்லாம் அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் அதனிடம் சொல்வாள். மேலதிகாரி முறைத்தது, லிஃப்ட் பாதியில் நின்றது, எல்லாம். நான் செய்தித்தாளைப் பிடித்தபடி பக்கத்து நாற்காலியில் இருப்பேன். அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்த விஷயம்கூட எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

"கேட்டியாடா, இனிமே அம்மா தனி ரூம்ல உக்காரப் போறேன்."

நாய் கொட்டாவி விட்டது. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

"என்ன விஷயம்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமில்லங்க, சும்மா அவன்கிட்ட பேசிட்டு இருக்கேன்" என்றாள். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை.

போன சனிக்கிழமை அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பினாள். "ரெண்டு நாளும் மறக்காம சீவி விடுங்க, அடுத்த வாரம் போட்டோ எடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கால்நடை மருத்துவர் தம் நாட்காட்டியில் ஜூன் மாதப் படத்துக்குச் சுருட்டையைத் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த முடி.

பதினொரு மணிக்கு நான் போர்வையை விரித்தேன். என் தாடிக்கு வாங்கிய டிரிம்மரில் முழு சார்ஜ் இருந்தது, அது தற்செயல். சிக்கு விழுந்திருந்தது, அதனால் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இடது பக்கம் எடுத்ததும் வலது பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. சமப்படுத்தினேன். அப்புறம் முதுகு, வால். ஒரு முன்னங்காலை முடித்ததும் மற்றதைத் தானே தூக்கி என் கையில் கொடுத்தது. நல்ல நாய், குறை சொல்ல முடியாது. எல்லாம் முடிந்தபோது உள்ளே இருந்த நாய் நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னதாக இருந்தது. நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்து, யாரோ என்று குரைத்தது. முடி இரண்டு தலையணை உறை நிறைய வந்தது.

இனி உங்கள் அப்பா விஷயம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிற மனிதர். மதியத் தூக்கம் முடிந்து எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து வந்தவர் நாயைப் பார்த்துவிட்டு, "யாரு மாப்பிள்ளை இப்படிப் பண்ணது?" என்றார். டிரிம்மர் என் கையில்தான் இருந்தது. அதை அவர் கையில் வைத்தேன்.

"நீங்கதானே மாமா, காலையில."

"நானா?"

"சிக்கு விழுந்திருக்குன்னு சொன்னீங்க. வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

அவர் வெகுநேரம் நாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். இடிந்துபோவார் என்று நினைத்தேன். "பரவாயில்லையே, நல்லாத்தான் பண்ணியிருக்கேன்" என்றார்.

மறுநாள் மாலை மகள் வந்ததும் அவரே முன்னால் போய் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் பெருமையாகவே. அவள் அழுதாள். ஆனால் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவரைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

இப்போது டிரிம்மர் அவர் தலையணைக்கடியில் இருக்கிறது. முந்தாநாள் பக்கத்து வீட்டுப் பூனையை மடியில் போட்டுக்கொண்டார். நேற்று என் மீசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நரம்பு டாக்டரிடம் காட்டி, உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளப்போவதாக நீங்கள் பெட்டியும் கையுமாக வந்து நிற்கிறீர்கள். அதனால்தான் வாயைத் திறக்கிறேன். அவர் மூளைக்கு ஒன்றுமில்லை. முடியை எடுத்தவன் நான்.

எனக்கும் இதில் லாபம் ஒன்றுமில்லை. நாய்க்குக் குளிருமாம். என் சட்டையை வெட்டி அதற்கு உடுப்பு தைத்திருக்கிறாள். தினமும் மடியில் வைத்து உடம்பெல்லாம் லோஷன் தடவுகிறாள். சீவியதைவிட அதற்கு நேரம் அதிகமாகிறது. இப்போது பேசுவதும் காதோடு காதாக. நாற்காலிவரை ஒன்றும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிக்கு எதுவும் இல்லை. இரும்புச் சீப்பை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தேடினேன், ஓரிடத்திலும் தடுக்கவில்லை. உங்கள் தங்கை அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், மச்சான். நானே சொல்லிக்கொள்கிறேன். எப்படியும் ஒரு மணி நேரமாவது திட்டுவாள், என் முகத்தைப் பார்த்து.