ஏகாம்பரத்தின் சாட்சி

— அப்ப, பச்சையப்பன் ஊட்டுக்குப் போய்ட்டுத்தான் வரியா தேசண்ணே? கும்மிடிப்பூண்டி பூரா உன்னத் தேடிட்டேன். கடசில பாத்தா கவரப்பேட்ட டேசன்ல குந்திக்கினு கீற.

— ஆமா ராபினு. டேசனுக்கு அந்தாண்டதான் அவன் ஊடு. போனேன், வந்தேன். ரயிலு லேட்டு.

— ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?

— வந்திருப்பியா?

— சரி, உடு. லாஜிக்கா பேசலாம். பதிப்பகத்துக்காரரு காலைலேந்து போன் மேல போன். இந்த மாச நாவலு அச்சுக்குப் போவணும். முடிச்செல்லாம் நான் போட்டுட்டேன். கொலகாரன் யாரு, தடயம் எங்க, துப்பறியும் தயாளன் எப்டி புடிக்கிறாரு, எல்லாம் ரெடி. நீ வழக்கம்போல லாரி டிரைவர் ஏகாம்பரம் சொல்ற மாரி எழுதிக் குடுத்தா போதும்.

— இந்த தபா நீயே எழுதிக்கோ.

— எழுதிப் பாத்தேண்ணே. தயாளன் வராரு, பாக்குறாரு, புடிக்கிறாரு. வாத்தியாரு போர்டுல கணக்கு போட்ட மாரி கீது. எம் பொண்டாட்டி பிரின்சியே ரெண்டு பக்கம் படிச்சிட்டு கீழ வெச்சிட்டா. எங்க அந்த டிரைவருன்னு கேக்குறா.

— பிரின்சியா கேட்டுது?

— எல்லாரும் அதான் கேக்குறாங்க. நமக்கு வர்ற கடுதாசில எவனாச்சும் தயாளனப் பத்தி எழுதறானா? ஏகாம்பரத்துக்கு முட்டி வலி எப்டி கீது, எளாவூர் செக்போஸ்ட்ல அவன் லாரிய உட்டாங்களா, இதான் கேள்வி. மண்டைய ஒடச்சிக்கினு முடிச்சு போடறவன் நானு. சில நாளு வயிறு எரியும்ணே, பொய் சொல்லல.

— அதுல ஒண்ணுமில்ல நைனா. தயாளனுக்கு எல்லாம் தெரியும். அவரு பக்கத்துல குந்த நமக்கு கூச்சமா இருக்கும். ஏகாம்பரம் நம்மள மாரி. தெரியலன்னா தெரியலன்னுடுவான், பயமா இருந்தா பயம்னுடுவான். அவன் தயாளன நம்புறான், அதப் பாத்து படிக்கிறவனும் நம்பிடறான். அவ்ளோதான்.

— அந்த நம்பிக்கய எழுதத்தாண்ணே கூப்புடறேன். எனக்கு அது வரமாட்டேங்குது.

— எனக்கும் இப்ப வரல. பேப்பர எடுத்தா பச்சையப்பன் மூஞ்சி வருது. சட்டையக் கழட்டி சோதன போட்டு, கம்பெனி கேட்டாண்ட அப்டியே குந்த வெச்சாங்களே. ஷிப்டு உடற நேரம். மொத்த கம்பெனியும் அவனத் தாண்டிக்கினுதான் ஊட்டுக்குப் போச்சு. அவன் குனிஞ்சி போறவங்க காலுங்களயே பாத்துக்கினு இருந்தான்.

— நானா குந்த வெச்சேன்? மேனேஜரு நம்ம நாவலு படிக்கிற ஆளு. ஸ்டோர்ல செம்புக் கம்பிச் சுருளு காணோம், நீங்கதானே துப்பறியும் ஆளுங்க, கண்டுபுடிங்கன்னு சிரிச்சிக்கினு கேட்டாரு. நான் லாஜிக்கா பாத்தேன். அன்னிக்கு ஸ்டோர கூட்டுனது பச்சையப்பன். உள்ளங்கைல வெட்டுக் காயம். புதுசா சைக்கிள் வாங்கியிருந்தான். கேட்டா முழிச்சான்.

— மேனேஜரு ரூம்ல நின்னா நீயும் முழிப்ப, நானும் முழிப்பேன்.

— இப்ப தெரியுது. சுருளு வேற லாரில மாறி ஏறி அடுத்த யூனிட்டுக்குப் போயிருக்குது. அது திரும்பி வந்த நாள்லேந்து ஸ்டோர் பக்கம் என்னால தல காட்ட முடியல. கேன்டீன்ல நாஷ்டாக்கு போய் குந்துனா பசங்க தட்ட எடுத்துக்கினு எழுந்து போறானுங்க. கிண்டல் பண்ணாக்கூட தேவல. பண்ண மாட்றானுங்க.

— அவனுக்கு வேலயே போச்சே.

— அவன மறுபடி எடுங்கன்னு மேனேஜராண்ட போய் நின்னேண்ணே. காண்டிராக்டரு வேற ஆளு போட்டுட்டாருன்னு சொல்லி ஃபைலத் தொறந்துக்கினாரு.

— என்னாண்டயும் அதான் சொன்னாரு.

— பச்சையப்பன் இன்னா சொன்னான்? என்னய அசிங்கமா திட்டுனானா?

— திட்டல.

— திட்டியிருக்கணும். நாளைக்கு நானே போறேன். அவன் சம்சாரம் முன்னாலயே கால்ல உழறேன். நீ எதுக்குண்ணே இப்டி ஒடிஞ்சி போய் குந்திக்கினு கீற? இவன்தான்னு கை காட்டுனது நானு. அட்டைல ரெண்டு பேரு பேரும் போட்றாங்க, அதுக்காவ இந்தப் பாவத்துலயும் உனக்குப் பங்கா? நீ சும்மா கூட நின்ன.

— நானும் அப்டி நெனச்சிக்கினுதான் போனேன். ராபினு அவசரப்பட்டுட்டான், நாம நாலு வார்த்த ஆறுதலா சொல்லிட்டு வந்துரலாம்னு. அவன் சம்சாரம் கெங்கம்மா தண்ணி மொண்டு குடுத்துது. அவன் சேரு ஒண்ண இழுத்துப் போட்டு, குந்துண்ணேன்னான். மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு எனக்குத் தெரியல.

— இன்னாதாண்ணே சொன்னான்?

— ‘ராபின் சாரு என்னக் கை காட்டும்போது எனக்கு சிரிப்புதாண்ணே வந்துது, கதைல வர்ற மாரி பேசறாரேன்னு. மேனேஜருக்கும் நம்பிக்க இல்ல, திரும்பி உன்னப் பாத்தாரு. நீ ஆமா சார்னு தலையாட்டுன. நீதான் பொய் சொல்ற ஆளே இல்லியே. அப்பதாண்ணே, ஒருவேள நாமதான் எடுத்துட்டு மறந்துட்டமோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சி’ன்னான்.